வண்டுக்கு விட்ட செடி

சொசைட்டியில் திம்மராசு
விரலில் ஒரு சொட்டு தொட்டு நக்கிப் பார்த்தார்.
"கசக்குதும்மா."
நாலு லிட்டரையும் தூக்கிக்கொண்டு
வந்த வழியே திரும்பினேன்.
வழி நெடுக இரண்டு பக்கமும்
வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து நின்றது
பாலைக் கெடுத்தது.

செவலையைத் திட்டி என்ன ஆகும்?
ஆவணி பிறந்தும் மேய்ச்சல் புறம்போக்கில்
புல் தலை தூக்கவில்லை.
இது மட்டும் இடுப்பு உயரம்.

தூறல் விழுந்த மறுநாள் இறங்கினேன்.
ஈர மண் வேரோடு விட்டுக்கொடுக்கும்.
கைக்கு யூரியா சாக்கைக் கிழித்துச் சுற்றியும்
முழங்கை வரை தடித்தது.
கண் வீங்கி மூன்று நாள்
ஒற்றைக் கண்ணால் பால் கறந்தேன்.
பிடுங்கிய இடத்தில்
கொழுக்கட்டைப் புல் விதையை மண்ணோடு பிசைந்து தூவினேன்.

பிடுங்கப் பிடுங்க எல்லைக்கல் வந்தது.
இந்த முகத்தில் எழுத்து, அந்த முகத்தில் காக்காய் எச்சம்.
கல்லுக்கு அப்பால் குப்பம் மண்டலம்,
அங்கேயும் அதே வெள்ளை.
செம்மறி ஓட்டி வந்த முனிவெங்கடப்பா சிரித்தார்:
"மா ஊர்லோ தீனி பேரு வய்யாரி பாமா."
ஒயிலாக ஆடுகிறவளாம்.
முழங்கையைக் காட்டினேன்.
சிரிப்பு நின்றது.

ஆபீஸில் பாட்டில் கொடுத்தார்கள்,
மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள்,
உள்ளே இருநூறு வண்டு, முதுகெல்லாம் கோடு.
செடி வந்த மெக்சிகோதான் இதற்கும் ஊராம்,
வேறெதையும் தின்னாதாம்.
திறந்துவிட்டேன்.
சுற்றிப் பார்த்தன.
நான்தான் ஒன்று விடாமல் பிடுங்கியிருந்தேனே.
இரண்டு நாள் வெறும் மண்ணில் ஊர்ந்தன,
மூன்றாம் நாள் ஒன்றையும் காணோம்.

விடிகாலையில் கல்லுக்கு அப்பாலிருந்து கூச்சல்.
"மீ புருகுலு! மீ புருகுலு!"
அந்தப் பக்கத்துச் செடியெல்லாம் சல்லடை.
அடுத்து அவருடைய கேழ்வரகுதான் என்று
முனிவெங்கடப்பா தலையில் கை வைத்தார்.
தின்னாது என்று சொன்னேன்.
சொன்னால் யார் நம்புவார்கள், நானே முழுக்க நம்பவில்லை.
இருவரும் வரப்பில் குந்தினோம்,
வெயில் ஏறி இறங்கும்வரை.
ஒரு வண்டு கேழ்வரகுத் தாளில் ஏறியது.
அவர் மூச்சை அடக்கினார், நானும்.
நுனிவரை போய், மீசையை ஆட்டி,
வேண்டாமென்று இறங்கியது.
மடியில் கட்டியிருந்த வேர்க்கடலையில்
பாதியை அவிழ்த்து என் முன் வைத்தார்.

இப்போது கல்லின் இந்தப் பக்கம்
இருபது செடி விட்டு வைத்திருக்கிறேன்.
"பிடுங்கின கையே வளர்க்குதா?" என்கிறார் திம்மராசு.
வண்டு குடித்தனம் நடத்த வேண்டாமா?
கொழுக்கட்டைப் புல் விரல் உயரம்,
அங்கொன்றும் இங்கொன்றுமாக.
பால் இன்னும் கொஞ்சம் கசக்கிறது.

செவலையின் கயிற்றை
இரண்டு முழம் குறைத்திருக்கிறேன்.