மீதி

கிலாக்ஸ்விக் துறைமுகத்துக்கு மேலே, என் வீட்டு நிலவறையில்
மீன் உறைபெட்டிக்கு அருகே
ஒரு பழைய கணினி முப்பத்தெட்டு நாளாக
ஒரே எண்ணைப் பிசைந்துகொண்டிருந்தது.
அதன் சூட்டில் என் கம்பளிக் காலுறைகள் காய்ந்தன.
அதுக்காவது உதவுதே, என்றான் அண்ணன் ஹேயினி.

எழுதிக் காட்ட முடியாத எண்.
ஒன்றில் தொடங்கி, இரட்டித்து, மறுபடி இரட்டித்து
பதினொரு கோடித் தடவைக்கும் மேல் இரட்டித்து
கடைசியில் ஒன்றைக் கழித்தால், அது.
வினாடிக்கு ஓர் இலக்கமாக வாசித்தால்
தூங்காமல் ஒரு வருஷமும் சில நாளும்.
கடைசி இலக்கம் ஏழு.
மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும்.
இதெல்லாம் அடுப்படியில் நின்றே சொல்லிவிடலாம்.
நடுவில் இருப்பதை
நான் பார்த்ததில்லை.

பகா எண்தானா என்று கேட்க ஒரு வழி உண்டு:
நான்கை எடு. அதை அதனாலேயே பெருக்கு. இரண்டைக் கழி.
வந்ததை அந்தப் பெரிய எண்ணால் வகு, மீதியை மட்டும் வைத்துக்கொள்.
திரும்பப் பெருக்கு.
இப்படிப் பதினொரு கோடித் தடவை.
முடிவில் பூஜ்யம் நின்றால் பகா எண்.
நடுவில் புயல் வந்தது, இரண்டு நாள் மின்சாரம் இல்லை,
உறைபெட்டியில் ஹாலிபட் உருகியது.
கணக்கு விட்ட இடத்திலிருந்து எழுந்து நடந்தது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை முடிந்தது.
மீதி பூஜ்யமில்லை.

அப்படியென்றால் அது பகுபடும்.
எங்கேயோ இரண்டு எண்கள்
தம்மைப் பெருக்கி இதைச் செய்திருக்கின்றன.
எவை என்று கணினி சொல்லவில்லை.
அதற்கும் தெரியாது.
உடையும் என்பது நிச்சயம்;
விரிசலை யாரும் கண்டதில்லை.

பேரன்ட்ஸ் கடலிலிருந்து ஹேயினி அழைத்தான்.
பின்னால் டீசல் இரைச்சல்.
சுன்வா, நாங்க பதிமூணு பேர், பிடிச்சதைப் பதிமூணு பங்கு போடுவோம்,
மிஞ்சினது சமையல்காரனுக்கு.
உன் எண்ணை எத்தனை பேருக்குப் போடலாம்?

மிச்சமில்லாம போடலாம், என்றேன்.
எத்தனை பேருக்குன்னுதான் தெரியாது.

கொஞ்ச நேரம் டீசல் மட்டும் பேசியது.
பிறகு அவன்:
வலையில ஓட்டைன்னு எடை சொல்லிடும்.
எங்கேன்னு கையாலதான் தடவணும்.
இது எவ்வளவு பெரிய வலை?

சொன்னேன்.
தடவாதே, என்றான்.

ஏப்ரலில், உருகுவேயில் யாரோ ஒருவரின் கணினி
அதே எண்ணை முதலிலிருந்து நடந்து முடித்தது.
கடைசிக் குறிவரை அதே மீதி.
அவர் பெயர் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது.
ஓர் இல்லையில்
எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போகிறோம்.
சொந்தக்காரர்களிடம் எனக்கு அது வாய்த்ததில்லை.

இன்று வேறு எண். இது ஒன்றில் முடிகிறது.
கணினி உறுமத் தொடங்கியதும் கூடவே நானும் சொல்கிறேன்:
நான்கு. பதினான்கு.
நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
முப்பத்தேழாயிரத்து அறுநூற்று முப்பத்து நான்கு.
எல்லாம் நாலில்தான் முடிகின்றன, பார்த்தாயா,
என்று யாரிடமோ கேட்கிறேன்.

அதற்குள் அது எனக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது.
காலுறைகளைத் திருப்பிப் போடுகிறேன்.