ஜனவரி ஏழு வரை

வின்னிபெக். டிசம்பர் இருபத்தாறு, காலை ஏழு மணி.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
கடைக் கண்ணாடியில் ஒட்டிய மான்களை
பிளேடால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.
‘எல்லாருக்கும் பண்டிகை’யில்
‘எல்லா’ உதிர்ந்துவிட்டது.
மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கதவு திறந்ததும் ஹாலினா கேட்டாள்:
“அதற்குள்ளா? எங்களுக்குப் பழைய காலண்டர்.
கிறிஸ்துமஸுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.”

பிளேடும் கையுமாக நின்றேன்.
அவளுடைய பன்னிரண்டு நாளும்
என் வாளியில் சுருண்டு கிடந்தன.

அப்புறம்தான் மற்றவர்கள் வந்தார்கள், நினைவில்:
ஒலிபெருக்கிக்குப் பயந்து காதைப் பொத்தியபடி
சாக்ஸ் அடுக்குக்கடியில் போய் உட்கார்ந்த பையன்.
பனி வாரும் மண்வெட்டியைத் தோளில் சாய்த்து
“பண்டிகை இல்லாதவனுக்கும் இதே விலைதானா?”
என்று கேட்ட இத்ரீஸ்.
நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ அட்டைமுன்
ஒற்றைக் கோப்பையோடு மெர்வின்.
“மூன்றை வைத்துக்கொண்டு
யாருக்கு நான் டீ போட?”

பத்து மணிக்குள் கண்ணாடி பளிச்சென்றிருக்க வேண்டும்,
இது மேனேஜர் உத்தரவு.
இரண்டு மான்களை விட்டுவைத்தேன்.
“பசை வரமாட்டேன் என்கிறது” என்றேன். பொய்.
பாட்டை முனகல் அளவுக்குத் திருகிவைத்தேன்.
மெழுகுவர்த்தித் தட்டில் ‘ஜனவரி ஏழு வரை’.
மண்வெட்டிகளின் மேல் ‘பனி பெய்யும் எல்லார் வாசலுக்கும்’.

கோப்பைகளுக்கு மட்டும்
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
மூடி திறந்த மார்க்கர்
கையிலேயே காய்ந்துகொண்டிருக்கிறது.