ஜெர்மனியில் இருக்கிறேன்

அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறாள்
நான் ஜெர்மனியில் வேலை பார்ப்பதாக.
டிரெஸ்டன் பக்கம், பெரிய பல் மருத்துவமனை,
சம்பளம் யூரோவில்.
மூன்றாம் மாடி ஹெட்விகா
தன் மருமகனுக்கும் அங்கே ஓர் இடம் கேட்டாளாம்.
விசாரிக்கிறேன் என்றிருக்கிறாள் அம்மா.

ஒஸ்த்ராவாவிலிருந்து இந்த மடத்துக்கு
பேருந்தில் இரண்டரை மணி நேரம்.
அவளுக்கு ஜெர்மனிதான் பக்கம்.

சொன்ன அன்று உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.
யார் அவன் என்றாள் முதலில்.
உன்னை யார் என்ன செய்தார்கள் என்றாள் அடுத்து.
பிறகு கத்தியை வைத்துவிட்டு
நான் என்ன செய்தேன் என்றாள்.
மூன்றுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது.
பதில் மாதிரியே இல்லை அது.

அப்பாவின் பெயர் போஹுமீர்.
எங்கள் மொழியில் அதற்குள்
கடவுளும் சமாதானமும் இருக்கின்றன.
இரண்டையும் அவர் பிரித்துப் பார்த்ததில்லை.
முப்பத்தொரு வருடம் நிலக்கரிச் சுரங்கம்.
"தொள்ளாயிரம் மீட்டர் கீழே போய்ப் பார்த்துவிட்டேன்
அங்கே யாரும் இல்லை
மேலே மட்டும் இருக்கப்போகிறார்களா?"
சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார்.
ஐஸ் ஹாக்கி. இரண்டாம் பாதி கூட இல்லை,
இடைவேளை விளம்பரம்.

தம்பி ராதிம்
சைக்கிளை எனக்குத் தருவாயா என்றான்.
அன்று என்னோடு சரியாகப் பேசியவன் அவன்தான்.

மனநல ஆலோசகரிடம் ஐந்து அமர்வுக்கு
முன்பணம் கட்டினாள் அம்மா.
குரல் ஏதாவது கேட்கிறதா என்றார் அந்தப் பெண்.
இல்லை என்றேன்.
அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.
எனக்கும்தான்.

குரலெல்லாம் இல்லை.
ஆலங்கட்டி மழை, எட்டாம் எண் டிராம் பதினோரு நிமிடம் தாமதம்,
ஒதுங்க ஒரு தேவாலயம்.
கைப்பையில் யாருடையதோ மேல்வரிசைப் பற்கள்,
மறுநாள் பொருத்த வேண்டியவை.
உள்ளே மெழுகு வாசனை, துடைப்பம், ஒரு வாளி.
கூலிக்கு எடுத்த வீடு என்று நினைத்துக் கதவைத் தள்ளினால்
யாரோ முன்பே விளக்கேற்றி
இவ்வளவு நேரமும் அங்கேயே உட்கார்ந்திருப்பது போல.
டிராம் வந்தது. போனது.
அடுத்ததும்.

அதன் பிறகு நான்கு வருடம் தப்பித்துக்கொண்டிருந்தேன்.
அதை யாரும் கேட்கவில்லை.
நான் ஓடிப்போகிறேன் என்றார்கள்
ஓடுவதை நிறுத்திய வாரத்தில்.

திரும்பிப் பார்க்கக் கூடாதாம்.
பார்த்தேன்.
நான்காம் மாடிச் சன்னலில் திரை அசைந்தது.
காற்றாகவும் இருக்கலாம்.

பிப்ரவரியில் ஒரு நாள் அப்பா வந்தார், சொல்லாமல்.
சிற்றாலயத்துக்குள் வரவில்லை.
வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி
"உங்கள் கொதிகலன் புகையை விழுங்குகிறது" என்றார்.
நிலவறைக்கு இறங்கியவர் மாலைவரை ஏறவில்லை.
தலைமைச் சகோதரி சூப் கொண்டுபோனார்;
கரி பற்றி ஒரு மணி நேரம் திட்டு வாங்கித் திரும்பினார்.
கிளம்பும்போது
கறுத்த கையை என் வெள்ளை முக்காட்டில் படாமல்
தூக்கிப் பிடித்தபடி நின்றார்.
"உங்கள் ஆளுக்குக் குளிருமா?"
தெரியவில்லை அப்பா என்றேன்.
தலையாட்டினார். எதற்கென்று தெரியாது.
அன்றிரவு எல்லா அறைகளிலும் சூடு.
எனக்கு உறக்கம் வரவில்லை.

ஞாயிறு கால்மணி நேரம் தொலைபேசி அனுமதி.
போன வாரம் அம்மாவின் குரல் தணிந்திருந்தது;
சமையலறையில் ஹெட்விகா இருக்கிறாள்.
பிறகு உரக்க, எல்லாருக்கும் கேட்கும்படி,
"ஜெர்மனியில் வானிலை எப்படி?"

மழை, அம்மா.

"குடை இருக்கிறதா?" என்றாள்.
அதை மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன்.
குருவானவர் நெடுநேரம் பேசவில்லை.
மழை பெய்ததா என்றார்.
இங்கே பெய்தது, சாமி.