மகர மெய்

ரீகா நகரில், அழுக்குப் பனி உருகி
நடைபாதையில் ஓடும் மார்ச் மாத வியாழன் மாலை
விஸ்மா முடிவெட்டிக்கொள்ளப் போனாள்.
அலுவலக அட்டைக்குப் புதுப் படம் வேண்டும்.
பழைய படத்தில்
யாரையோ தேடுகிறவள் போல இருக்கிறாள்.
பொய்யில்லை. டிராமில் சீட்டில்லாதவர்களைத்
தேடுவதுதான் அவள் வேலை.

சலூன் கண்ணாடியில் எழுதியிருந்தது:
வெட்டு, இருபத்தைந்து.
கோட்டின் உள்பையில் முப்பது வைத்திருந்தாள்,
மிச்சம் ஐந்து
தலை அலசும் பெண்ணுக்கு.

பீங்கான் தொட்டியின் விளிம்பில் கழுத்து.
வெதுவெதுப்பான நீர். வேறொருவரின் விரல்கள்.
அவள் தலையை யாராவது தொட்டு
எத்தனை மாதமாயிற்று.
காதில் நீர் இரைய, எங்கோ மேலிருந்து
மதாரா என்று சட்டையில் பெயர் குத்திய பெண்
ஏதோ கேட்டாள்.
விஸ்மா சொன்னாள்:
ம்.

கண்ணைக்கூடத் திறக்கவில்லை.
பாதாம் வாசனையோடு ஏதோ இறங்கியது தலையில்,
சூடான துணியொன்று சுற்றிக்கொண்டது.

பில் அறுபத்திரண்டு.

பேனாவின் பின்முனையால் தொட்டுத் தொட்டுக்
கடைக்காரி ஸ்கைத்ரீதே படித்துக் காட்டினாள்:
"வெட்டு இருபத்தைந்து. அலசியது ஆறு.
உலர்த்தியது ஒன்பது. நீள முடிக்கு எட்டு..."
"நீளமா?"
விஸ்மா தரையைக் காட்டினாள்.
"நீளம் அங்கே கிடக்கிறது.
நான் இங்கே நிற்கிறேன், காது தெரிய."
"வரும்போது நீளமாகத்தான் வந்தீர்கள்."
"சரி, இந்தப் பதினான்கு?"
"பாதாம் பூச்சு. கேட்டோம்.
ம் என்றீர்கள்."

நம் இலக்கணத்தில் அதற்கு அரை மாத்திரை.
கண் இமைக்கும் நேரத்தில் பாதி.
தலையில் ஒரு புள்ளி; உயிர் வந்து சேராத எழுத்து.
பதினான்கு யூரோ.

"யாரும் விலை சொல்லலையே" என்றாள் விஸ்மா.
சொல்லி முடிப்பதற்குள்
அந்த வாக்கியத்தை எங்கே கேட்டோம் என்று தெரிந்துவிட்டது.
ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்பது,
மாணவர்களிடம், குடித்தவர்களிடம்,
கைக்குழந்தையோடு ஏறிப்
பையெல்லாம் துழாவுகிறவர்களிடம்.
அவளுக்கு எப்போதும் ஒரே பதில்.
அதை இப்போது ஸ்கைத்ரீதே சொன்னாள்:
"பலகையில் போட்டிருக்கு."

போட்டுத்தான் இருந்தது. கதவுக்குப் பின்னால்,
கோட்டு மாட்டும் கொக்கிகளுக்கு அடியில்.
அவள் கோட்டே
அதை மறைத்துத் தொங்கியது.

அட்டையில் கட்டினாள்.
வெளியே வந்து டிராம் கம்பிக்குக் கீழே நின்றபிறகுதான்
உள்பையின் முப்பது நினைவு வந்தது.
ஐந்தும் அதில்தான்.
கண்ணாடி வழியே மதாரா தெரிந்தாள்,
எட்டு யூரோ நீளத்தைக்
கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.
திரும்பிப் போக நினைத்தாள்.
போகவில்லை.
கோபம் கடைக்காரி மேல்,
குறைந்தது இவளுக்கு.

மறுநாள் படம் எடுப்பவன் கேட்டான்:
"கொஞ்சம் வெளிச்சம் கூட்டட்டுமா?"
"அதற்கு எவ்வளவு?"
அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.
படத்தில் உதடுகளைப் பிரித்தே வைத்திருக்கிறாள்,
மூடினால் பிறந்துவிடும் அந்த எழுத்து.

சனிக்கிழமை, பதினோராம் எண் டிராம்.
ஒரு பையன், பரு முகம், சீட்டில்லை.
"யாரும் சொல்லலையே" என்றான்.
விஸ்மா பலகையைப் பார்த்தாள்.
அதன்மேல் தடித்த ஆள் ஒருவரின் முதுகு,
நனைந்த கம்பளிக் கோட்டு.
அவர் இறங்கும்வரை நின்றாள்.
ஒன்றும் புரியாமல் பையனும் நின்றான்.
பிறகு, "படி" என்றாள்.

அவன் நிஜமாகவே படித்தான்,
உதடு அசைய, கடைசிப் பொடி எழுத்துவரை.
இரண்டு நிறுத்தங்கள் போயின.
அபராத இயந்திரம் அவள் உள்ளங்கையில்
சூடாகிக்கொண்டிருந்தது.
முடியில் இன்னும் பாதாம்.