பச்சைக் கை

மூன்று தவணையில் வந்து சேர்ந்தான் தெங்கோரா,
இருபதாம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பு.
ராயக்கோட்டை ரோடு கூரியர் ஆபீஸில்
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
"உடையிற சாமானா மேடம்?"
"ஏற்கெனவே உடைஞ்சதுதான்" என்றேன்.
அவர் அடுத்த பார்சலை எடுத்தார்.

பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் நுரைமெத்தை.
இருபத்தாறு மூட்டு.
கழற்றி மாட்ட நான்கு ஜோடிக் கை.
நெஞ்சில் ஜப்பானிய எழுத்து நேராக நிற்கிறது.
எல்லாக் கையும் சிவப்பு.

அதில்தான் எனக்கு ஏதோ நெருடியது.

ஐந்தாவது படித்த வருஷம்
மாலை ஐந்தரைக்குத் தெங்கோரா.
ஐந்தே முக்காலுக்குக் கரண்ட் கட்.
கடலிலிருந்து அரக்கன் எழுந்து
கோபுரத்தில் கைவைக்கும்போது
திரை நடுவே ஒரு வெள்ளைப் புள்ளியாய்ச் சுருங்கிவிடுவான்.
பைபாஸுக்கு அந்தப் பக்கம், ஜபீன் வீட்டில்,
அந்நேரம்தான் கரண்ட் வரும்.
மறுநாள் ப்ரேயர் வரிசையில்
நான் எழுப்பிவிட்ட அரக்கனை
அவள் கொன்று முடிப்பாள், உதடு அசையாமல்.

பாதி நாள் பொய் சொல்லியிருக்கிறாள்.
போன மாதம் எல்லாப் பாகமும் ஒரே மூச்சில் பார்த்தபோது தெரிந்தது.
பதினேழாம் பாகத்தில்
அரக்கனும் தெங்கோராவும் சமாதானமாகி
டோல்கேட் ஓரம் பரோட்டா சாப்பிடவில்லை.
தெங்கோரா தோற்கிறான்.
அவ்வளவுதான். மழை பெய்கிறது, பாகம் முடிகிறது.

மாங்கனி கண்காட்சியில் ஆளுக்கொன்று வாங்கினோம்,
ராட்டினத்துக்கு வைத்திருந்த முப்பது ரூபாயில்.
நெஞ்செழுத்து தலைகீழ்.
முதுகுப் பொத்தானை அமுக்கினால் ஆம்புலன்ஸ் சத்தம்.
இடது கை மட்டும் பச்சை.
"சிவப்பு தீர்ந்துபோச்சு பாப்பா" என்றார் கடைக்காரர்.
ஜபீன் நம்பவில்லை.
சண்டையில் போன கை மறுபடி முளைத்திருக்கிறது,
இன்னும் பழுக்கவில்லை என்றாள்.
கிருஷ்ணகிரியில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.
அம்மா கடைசிவரை அதைத் தேங்காய் என்றுதான் கூப்பிட்டாள்.
அணைக்கட்டுப் பார்க்கில் என்னுடையது தொலைந்த அன்று
"தேங்காய் எங்கடி?" என்று அவளும் குனிந்து தேடினாள்.

புதியவன் டிவி பக்கத்தில் நிற்கிறான்.
மூட்டை மடக்கப் பயமாக இருக்கிறது.
விலை அப்படி.

இந்த ஜூலையிலும் கண்காட்சிக்குப் போனேன்.
இமாம்பசந்துக்கும் மல்கோவாவுக்கும் பரிசுச்சீட்டு தொங்கும் பந்தல் தாண்டி,
டெல்லி அப்பளத்துக்கு அடுத்த தார்ப்பாய்க் கடையில்
வரிசையாக, பாலிதீன் உறையில், தெங்கோரா.
சிறப்புப் பதிப்பைப் பார்த்து அடித்த நகல்:
புதுத் தலைக்கவசம், தங்க முத்திரை,
முத்திரையில் இருபதுக்குப் பதில் இருநூறு.
நூற்றைம்பது ரூபாய்.
இடது கை பச்சை.

"ஏன்ப்பா இது மட்டும் பச்சை?"
விற்கிற பையன் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்,
முதல்தடவை பார்ப்பவன்போல.
"மாடலே அப்படித்தாங்க."

இரண்டு வாங்கினேன்.
ஒன்றைத் தர்மபுரிக்கு அனுப்பினேன்,
நான்கு ரோடு பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறாள் ஜபீன்.
உள்ளே சீட்டு எதுவும் வைக்கவில்லை.

நேற்று ராத்திரி அவளிடமிருந்து ஒரு குரல்பதிவு.
பதினோரு நொடி.
முதலில் ஆம்புலன்ஸ்.
அப்புறம் ஒரு சின்னக் குரல், அவள் மகளாக இருக்கும்:
"ம்மா, இந்தக் கை ஏன் பச்சையா இருக்கு?"
ஜபீன் மூச்சை இழுக்கிறாள், "அதுவா…"

அங்கேயே முடிந்துவிடுகிறது.
மீதிக்கு பைபாஸ் தாண்ட வேண்டும்.