வா பெடல்

கும்பகோணத்துக் கடைக்கு
என் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டே போனேன்.
கடையில் தொங்குவதை வாசித்துப் பார்த்து வாங்கினால்
அது கடையில் தொங்குவதற்குத்தான் பொருந்தும்.
பாக்கியநாதன் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.
எல்லாம் செருப்பு அளவு, எல்லாம் இரும்பு,
எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: வா.
எதை வா என்கிறது என்று
நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதலாவது பல கால் பார்த்தது.
மிதித்தால் கரகர,
காய்ந்த வைக்கோல்மேல் ஆள் நடப்பதுபோல.
உள்ளே திருகு தேய்ந்திருக்கு, பத்து நாளில் மாற்றிடலாம் என்றார்.
எட்டாம் நாள் திருத்துறைப்பூண்டியில் கச்சேரி.

இரண்டாவது வெண்ணெய்.
குதிகாலில் ஊ, விரல் நுனியில் ஆ,
இடையில் உள்ள உயிரெழுத்தெல்லாம்
வரிசை தெரியாமல் வழுக்கிக்கொண்டு வந்தன.
சொக்கிப்போய் பேரம்கூடப் படிந்துவிட்டது.
அப்புறம்தான் தோன்றி
நாலாவது கம்பியை வெறுமனே தட்டினேன்.
மேலே சத்தம் இருந்தது,
கீழே ஆளில்லை.
கல்லணையில் பூத்தூவிப் படம் வந்து இருபது நாளாகியும்
எங்கள் வாய்க்காலுக்குள் ஆடு படுத்திருக்குமே,
அந்த மாதிரி.
கிட்டாருக்கென்று செய்தது அப்படித்தாம்மா,
அடிச்சத்தத்தைத் தின்றுவிடும் என்றார்,
நான் பர்ஸை மூடிய பிறகு.

மூன்றாவதன் விலாவில் ஒரு குமிழ்.
திருப்பினால்
மிதிக்குள் நுழையாத சுத்தச் சத்தம் கொஞ்சம்
பக்கத்திலேயே ஓடிவருகிறது.
அடியில் கனம், மேலே வாய்.
விலையை மனசுக்குள் மாற்றிப் பார்த்தேன்:
லைனிங் வைத்த ரவிக்கை, நாற்பத்தாறு.
அதில் பன்னிரண்டுக்கு இன்னும் கொக்கியே வைக்கவில்லை.

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டுப் பழகினேன்.
கால் இதையும் தையல் என்று நினைத்துக்கொண்டது.
ஒரே சீராக, விடாமல், ஓரம் அடிக்கிற மாதிரி.
ஒத்திகையில் ட்ரம்ஸ் ரெமிஜியுஸ் குச்சியைக் கீழே வைத்தான்:
அக்கா, பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கேட்கணும்போல இருக்கு.
நியாயம்தான்.
நான் அசைகிற இடத்திலெல்லாம்
அவன் அடி எங்கே விழுகிறதென்று அவனுக்கே தெரியவில்லை.

பிறகு மிதிப்பதைவிட மிதிக்காமல் இருப்பதைப் பழகினேன்.
பாதியில் நிறுத்தி, காலை எடுத்துவிட்டால்
மூக்கடைத்தவன் ரகசியம் பேசுகிறாற்போல ஒரு குரல் நிற்கும்.
ஒரு பல்லவி முழுக்க அதுவே போதும்.
முழுத் திறப்பு ராத்திரிக்கு இரண்டு தடவை.
கண்ணாடியில் பார்த்தேன்,
கால் இறங்கும்போதெல்லாம் என் வாயும் திறக்கிறது.
அதை நிறுத்த முடியவில்லை.

கச்சேரியன்று ஜெனரேட்டருக்கு எர்த் சரியில்லை.
வெறுங்காலை வைத்ததும் சுள்ளென்றது.
கீபோர்டு இமாமுதீனின் கேன்வாஸ் ஷூவை வாங்கி,
பட்டுப்புடவைக்குக் கீழே,
இரண்டு அளவு பெரிதாக.
விரல் முனை எங்கே முடிகிறது, ஷூ எங்கே முடிகிறது என்று தெரியாமல்
சுவிட்சைத் தேடித் தேடி மிதித்து
முதல் திறப்பு ஒரு தாளம் தாமதம்.
யாரும் கவனிக்கவில்லை.
ரெமிஜியுஸ் கவனித்தான்.

இரண்டாவது சரியாக விழுந்தது.
முன்வரிசையில் மக்காச்சோளத்தோடு நின்ற பொடியன்
சோளத்தை மறந்து
என் காலோடு சேர்ந்து வாயைத் திறந்தான், மூடினான்.
ஊ. ஆ.
நான் மெதுவாக்கினேன், அவனும் மெதுவாக்கினான்.
மேடைக்கு மேலே ஒரு வாய், கீழே ஒரு வாய்,
நடுவில் ஒரு பெரிய ஷூ.

கணக்கில் இல்லாத மூன்றாவதை அவனுக்காக மிதித்தேன்.
கப்பல்போல அசைந்தது பாட்டு.
ரெமிஜியுஸ் முறைத்தான், அப்புறம்
சிம்பலை ஒருமுறை தேவையில்லாமல் தட்டினான்.

மன்னார்குடி வந்து சேர மணி மூன்று.
கேபிளைப் பிடுங்காமல் படுத்துவிட்டேன்.
பிடுங்கினால்தான் பேட்டரி ஓயும் என்று
பாக்கியநாதன் சொல்லியிருந்தார்.
காலையில் காப்பியோடு வந்து மிதித்தேன்.
ஒன்பது வோல்ட்டும் ராத்திரியெல்லாம் யாரையோ கூப்பிட்டு
தீர்ந்துபோயிருந்தது.
கொக்கி வைக்க உட்கார்ந்தேன்.