பக்கம் இரண்டு, நான்காம் பாட்டு

பாலக்கோடு மாதய்யன் என்றால்
எல்லாருக்கும் அந்தத் தக்காளிப் பாட்டுதான்.
தொண்ணூற்றாறில், ஓசூரில்,
மேளமே வேண்டாமென்று பிடிவாதமாய்
ஒரே ராத்திரியில் பாடினாரே
அந்த கேசட்டை யாரும் சொல்வதில்லை.
ஐந்நூறு போட்டு நாற்பது விற்றது.
மிச்சம் எடைக்கு.

கேழ்வரகுக் கொல்லையில் கிளி விரட்ட
ஒரு டஜன் வாங்கிவந்தேன்.
நாடாவை உருவுமுன்
டிராக்டர் டெக்கில் ஒன்றைப் போட்டேன்.
செத்த பெண்சாதி பேர் வருகிற இடத்தில்
நிறுத்திவிடுகிறார்.
மூச்சு.
நாற்காலி நகர்கிற சத்தம்.
வெட்டாமல் விட்டிருக்கிறான், எவனோ புண்ணியவான்.

அதை மட்டும் கட்டவில்லை.
மற்ற பதினொன்றும் காற்றில் விர்ரென்று இழுக்கின்றன.
கிளி அசரவில்லை.
பக்கத்துக் கொல்லை திம்மராயன்தான் கேட்டான்:
ராவெல்லாம் யாருடா அங்கே
பேர் சொல்லாமல் கூப்பிடுவது?